சோமாலியாவில் ஒரு மாநிலம் அமைக்கும்போது: குலக் கணக்கும் இடப் பங்கீடும்

சோமாலியாவில் மாநிலம் அமைக்கக் கூடும் மாநாடுகள் உடைவது பெரும்பாலும் ஒரே நாளில்தான். எந்தக் குலத்துக்குச் சட்டமன்றத்தில் எத்தனை இடம் என்ற பட்டியலை வாசிக்கும் நாள் அது. அந்தப் பட்டியலை மக்கள்தொகைக் கணக்காக நினைத்துத் தயாரித்தால் நிற்காது. அது பேசி முடித்த உடன்படிக்கை. எண்ணிக்கை அதற்கு ஆதாரமாக இருக்கலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. தொழில்நுட்பக் குழுவில் உட்காருபவர்களுக்கும், நடுவர்களாகச் செல்பவர்களுக்கும், வெளியிலிருந்து இதைப் புரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறோம்.

முதலில் எல்லை

2012 ஆகஸ்ட் 1 அன்று ஏற்கப்பட்ட இடைக்கால அரசியலமைப்பின் 49-வது பிரிவுதான் அடிப்படை. 1991-க்கு முன் இருந்த 18 மாகாணங்களை வைத்து, இரண்டோ அதற்கு மேலோ தாமாக முன்வந்து இணைந்தால் ஒரு மாநிலம். எந்த மாநிலத்திலும் சேராத மாகாணத்தை மத்திய அரசு அதிகபட்சம் இரண்டு ஆண்டு நேரடியாக நிர்வகிக்கலாம். எல்லைகளைத் தீர்மானிப்பது மக்களவை.

காகிதத்தில் எளிமையான இந்த விதி நிலத்தில் சிக்கலாகிவிடுகிறது, ஏனென்றால் மாகாண எல்லை குலத்தின் எல்லையோடு பொருந்துவதில்லை. முதுக் மாகாணத்தின் வடபாதி புன்ட்லாந்திடம், தென்பாதி கல்முதுக்கிடம். கால்கயோ நகரமே நடுவில் பிரிந்து கிடக்கிறது. ஆகவே கல்முதுக் நடைமுறையில் கல்குதூத் மாகாணமும் முதுக்கின் பாதியும்தான். வடகிழக்கில் சிக்கல் இன்னும் கூர்மையானது. லாஸ் அனோதை மையமாகக் கொண்ட எஸ்எஸ்சி-காதுமோ நிர்வாகம் (2025-ல் வடகிழக்கு மாநிலமானது) உரிமை கோரிய பகுதிகளில் சூல் ஒரு முழு மாகாணம், சனாக்கின் கிழக்குப் பகுதி மட்டும், அதோடு புகோத்லே. இந்த புகோத்லே 18 மாகாணக் கணக்கில் தொக்தேரின் ஒரு மாவட்டம்தான். சனாக்கின் மேற்கில் ஈசாக் குலத்தவரும் கிழக்கில் வர்சங்கெலியும் வாழ்கிறார்கள். ஒரு மாகாணம் முழுவதுமாக ஒரு பக்கம் சாயும் என்று வரைபடம் சொல்வதை நிலம் மறுக்கிறது.

எனவே பங்கீட்டுப் பேச்சைத் தொடங்கும் முன் மாவட்ட வாரியாக ஒரு தாள் தயாரியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்தின் முன்னும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: முழுக் கட்டுப்பாடு, வேறு நிர்வாகமும் உரிமை கோருகிறது, அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் உள்ளது. இரண்டாவது, மூன்றாவது வகை மாவட்டங்களின் இடங்களை யார் நிரப்புவது என்பதை அப்போதே எழுதிவிட வேண்டும். ஜுபாலாந்தில் நடு ஜுபா மாகாணம் நீண்ட காலமாக அல்-ஷபாபின் பிடியில் இருக்கிறது. அங்குள்ள மக்களின் பெயரால் உட்காருபவர் பெரும்பாலும் கிஸ்மாயோவிலோ நைரோபியிலோ இருப்பவராகிவிடுகிறார். இதை வெளிப்படையாகப் பேசாமல் விட்டால், அந்த இடங்கள் பெரிய குலங்களின் கூடுதல் பங்காக மாறும்.

எல்லையைத் தீர்க்காமல் மாநாடு கூட்டினால் நேர்வதற்கு பைதோவா சாட்சி. 2014 மார்ச்சில் அங்கே இரண்டு அணிகள் தனித்தனியாக மாநாடு நடத்தின. ஒன்று பாய், பக்கூல், கீழ் ஷபெல்லே மூன்றும் போதும் என்றது. மற்றது ஜுபா மாகாணங்கள், கெதோ உட்பட ஆறு வேண்டும் என்றது. இரண்டும் தனித்தனித் தலைவரைத் தேர்ந்தெடுத்தன. ஜூனில் மூன்று மாகாணம் என்று ஒப்பந்தமாகி, நவம்பரில் ஷரீஃப் ஹசன் ஷேக் ஆதன் தேர்வான பிறகே தென்மேற்கு மாநிலம் நடக்கத் தொடங்கியது.

தலை எண்ணுவதில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்

எந்தக் குலம் எத்தனை பேர் என்று சொல்லும் நம்பகமான கணக்கு கிடையாது. 1975 கணக்கெடுப்பும் 1986-87 கணக்கெடுப்பும் இதற்கு உதவா. ஐநா மக்கள்தொகை நிதியம் 2014-ல் வெளியிட்ட மதிப்பீடு மொத்தம் சுமார் 1.23 கோடி என்றது. அதில் குலம் பற்றிய கேள்வியே இல்லை. ஆனால் மாகாண வாரி எண்கள் உண்டு, அவை பயன்படும். ஹீரான் சுமார் 5.2 லட்சம், நடு ஷபெல்லே சுமார் 5.16 லட்சம். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஹிர்ஷபெல்லே. இரு பக்கமும் ஏறக்குறைய சமம் என்பதால், ஒரு மாகாணம் மற்றதை விழுங்கும் எந்தப் பங்கீடும் அங்கே நிற்காது என்பதைப் பேச்சுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

அதே மதிப்பீட்டின்படி மக்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நாடோடி மேய்ச்சல்காரர்கள், சுமார் 9 சதவீதம் இடம்பெயர்ந்தவர்கள். மேய்ச்சல்காரரை அவர் கண்ணில் பட்ட இடத்தில் எண்ணினால் கணக்கு பொய்க்கும். கூ மழைக்காலத்தில் ஒரு மாவட்டத்தில் இருப்பவர் ஜிலால் வறட்சியில் இன்னொரு மாவட்டத்தின் கிணற்றடியில் இருப்பார். ஜிலாலில் எந்தக் கிணற்றில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டுகிறாரோ அதுவே அவருடைய மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு தோண்டிய குலம் எது, அதில் மரபுப்படி யாருக்கு உரிமை என்பதைப் பெரியவர்கள் வாதாடாமலே சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நிரந்தரக் கிணறுகள், சிமென்ட் பூசிய பர்காத் தொட்டிகள், கிராமங்கள் மூன்றையும் பட்டியலிட்டு எதிரே மரபு உரிமைக் குலத்தை எழுதுங்கள். தலைக்கணக்கை விட இந்தப் பட்டியலில் சண்டை குறைவு.

இடம்பெயர்ந்தவர்களை அவர்களுடைய பழைய ஊரில் எண்ணுங்கள், முகாமில் அல்ல. முகாமில் எண்ணினால் ஆயுதபலத்தால் நிலத்தைப் பிடித்தவர்களுக்கு அந்த நிலத்தின் இடமும் போய்ச்சேரும். ஜுபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் நிலம் இழந்த ஜரேர்வெய்னே உழவர்களுக்கு நடந்தது இதுவே.

நாலரைக் கணக்கை மாநிலத்துக்குக் கொண்டுவராதீர்கள்

மத்தியில் 4.5 என்ற சூத்திரம் 2000-ல் ஜிபூத்தியின் அர்தா மாநாட்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஹவியே, தாரோத், திர், திகில்-மிரிஃப்லே ஆகிய நான்குக்கும் சம பங்கு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து அரைப்பங்கு. 275 பேர் கொண்ட மக்களவையில் நான்கு பெருங்குலங்களுக்கும் தலா 61, மொத்தம் 244. மீதி 31 இடங்கள் சிறுபான்மையினருக்கு.

இதை அப்படியே மாநிலத்தில் ஒட்டுவது பெரும் பிழை. கல்முதுக்கில் ஹவியேயின் கிளைகளே அதிகம், கூடவே தாரோதின் மரேஹான் கிளையும் திர் கிளைகளும். தென்மேற்கில் திகில்-மிரிஃப்லே பெரும்பான்மை, ஆனால் கீழ் ஷபெல்லேயில் திர் கிளையான பியமாலும் ஹவியே கிளையான ஹபர் கிதிரும் உண்டு. மாநிலத்தில் போட்டி நாலு பெருங்குலத்துக்கு நடுவில் இல்லை, அவற்றின் கிளைகளுக்கும் கிளையின் கிளைகளுக்கும் நடுவில். அரைப்பங்கு என்ற எண்ணத்தையும் மத்தியிலேயே விட்டுவிட வேண்டும். ஜோஹரைச் சுற்றியுள்ள ஷித்லே, பெலத்வெய்னே பக்கத்து மக்கனே போன்ற ஆற்றங்கரை மக்கள் தங்கள் ஊர்களில் சிறுபான்மையே அல்ல. அவர்களைப் பாதியாக எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

யார் கையெழுத்து செல்லும்?

கணக்கை விடக் கடினமானது இதுதான். உகாஸ், சுல்தான், கராத், மலாக், போகோர் என்று பட்டம் சூடிய பெரியவர்கள் போர்க்காலத்துக்குப் பின் பெருகிவிட்டார்கள். ஒரே கிளைக்கு இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட வந்து நிற்பார்கள். அரசியல்வாதிகளே புதிய பட்டங்களைச் சூட்டி அனுப்புவதும் உண்டு.

சரிபார்க்க ஒரு நல்ல வழி மக் குழு. கொலையோ காயமோ நேர்ந்தால் ரத்தப்பணத்தைச் சேர்ந்து கட்டும் குழு அது. கடைசியாக நடந்த இழப்பீட்டில் அந்தக் கிளையின் சார்பில் யார் உட்கார்ந்து பேசினார், எதிர்த்தரப்பு யாருடைய சொல்லை ஏற்றது என்று பக்கத்துக் குலத்திடம் கேளுங்கள். சொந்தக் குலத்திடம் கேட்டால் இரண்டு பதில் வரும், அண்டைக் குலத்திடம் பெரும்பாலும் ஒன்றுதான் வரும்.

அப்படிச் சேர்த்த பெயர்களைத் தற்காலிகப் பட்டியலாக மாவட்டத் தலைநகரங்களில் ஒட்டி, வானொலியிலும் வாசித்து, ஆட்சேபணைக்கு 14 நாள் கொடுங்கள். ஆட்சேபணைகளை அதே குலத்தவர் தீர்க்கக் கூடாது. சம்பந்தமில்லாத கிளைகளிலிருந்து ஐந்தோ ஏழோ பேரை ஹேர் என்ற குல வழக்குச் சட்ட மரபின்படி நடுவர்களாக அமர்த்துங்கள். பட்டியல் மூடப்பட்ட பின் திறக்கவே கூடாது. இடங்கள் அறிவிக்கப்பட்ட பிறகு முளைக்கும் புதிய பெரியவர் ஒருவரை ஏற்றுக்கொண்டால், மறுநாள் வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள்.

ஷேகத் வழக்கத்தையும் கவனியுங்கள். பாதுகாப்புக்காகச் சிறிய குழுக்கள் வலிய குலத்தின் பெயரை ஏற்று வாழ்வது அது. அவர்களைப் பெரிய குலம் தன் கணக்கில் சேர்த்து இடம் கேட்கும், இடத்தை அவர்களுக்குத் தராது. எந்தப் பெயரில் பதிவது என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யட்டும். ஒரு குழு ஒரே இடத்தில்தான் பதியலாம்.

இடக் கணக்கு, ஒரு மாதிரி

சட்டமன்றங்களின் அளவு வேறுபடும். புன்ட்லாந்தில் 66, ஜுபாலாந்தில் 75, ஹிர்ஷபெல்லேயில் 99. கல்முதுக் 2015-ல் 64-ல் தொடங்கி 2020-ல் 89 ஆனது. பெரிய எண் வசதியாகத் தோன்றும், ஏனென்றால் எல்லாரையும் உள்ளே இழுக்கலாம். ஆனால் சம்பளம் கொடுக்க முடியாத சபை தலைவர் தேர்தலின்போது பணத்துக்கு விலைபோகிறது. எண்ணை முதலில் உறுதிசெய்து, பேச்சின் நடுவில் ஏற்ற மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள்.

கற்பனையாக ஒரு மாநிலம்: 6 மாவட்டம், 8 பெரிய குலங்கள், 75 இடம்.

முதல் அடுக்கில் சிறு சமூகங்களுக்கு 9 இடத்தை ஒதுக்குங்கள். இதை முதலில் எடுப்பதுதான் முக்கியம், கடைசியில் எடுக்கப் போனால் மிச்சமிருக்காது. இரண்டாவது அடுக்கில் 8 குலங்களுக்கும் தலா 3, மொத்தம் 24. யாரும் வெளியில் நிற்கவில்லை என்ற உறுதியைத் தருவது இந்த அடுக்கு. மூன்றாவது அடுக்கில் 6 மாவட்டத்துக்கும் தலா 7, மொத்தம் 42. மூன்றும் சேர்ந்து 75.

மாவட்டத்தின் 7 இடங்களை அந்த மாவட்டப் பெரியவர்கள் கிணறு-கிராமப் பட்டியலை வைத்துப் பிரிப்பார்கள். ‘அ’ குலத்துக்கு முதல் மாவட்டத்தில் 5, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 2 கிடைத்தால் 11. அடிப்படை 3 சேர்ந்து 14.

இனிதான் உண்மையான சண்டை. ‘அ’ குலத்தில் நான்கு கிளைகள். ஆளுக்கு 3 கொடுத்தால் 12 போகும், 2 மிஞ்சும். அந்த 2 இடத்துக்காகத் துப்பாக்கி எடுத்தவர்கள் உண்டு என்பதால் அதை அலட்சியமாக விடாதீர்கள். சுழற்சிதான் வழி: இந்தப் பதவிக்காலத்தில் முதல் இரு கிளைகள், அடுத்த பதவிக்காலத்தில் மற்ற இரண்டு. காத்திருக்கும் கிளைகளுக்கு இப்போதே துணை அமைச்சர் பதவி மாதிரி ஏதாவது ஈடு கொடுக்க வேண்டும். சுழற்சி வரிசையை மாநிலச் சாசனத்தின் இணைப்பில் கிளையின் பெயர் சொல்லி எழுதி, நான்கு கிளைப் பெரியவர்களும் கையெழுத்திட வேண்டும். வாய்மொழியாக விட்டால் நான்காண்டு கழித்து ஒருவருக்கும் நினைவிருக்காது, அல்லது நினைவில்லாத மாதிரி நடந்துகொள்வார்கள்.

பெண்களின் இடம் தானாக வராது

30 சதவீதம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட இலக்கு. 2016 மத்தியத் தேர்தலில் சுமார் 24 சதவீதம் கிடைத்தது, அடுத்த தேர்தலில் அதைவிடக் குறைந்தது. காரணம் சிக்கலானதல்ல. ஒரு கிளைக்கு ஒரே இடம் என்றால் அந்தக் கிளை ஆணைத்தான் அனுப்புகிறது. ஒதுக்கீட்டை மொத்த எண்ணிக்கையில் மட்டும் எழுதிவைத்தால், கடைசி நாளில் பலவீனமான கிளைகளின் இடங்களைப் பிடுங்கித்தான் அதை நிரப்புவார்கள். அதனால் பெண்கள் மீதே கசப்பு திரும்புகிறது.

குல அளவிலேயே விதியை வையுங்கள். 75-ல் 30 சதவீதம் 22.5, அதாவது 23 பேர். ஒவ்வொரு குலத்திலும் பின்னத்தைக் கீழே தள்ளினால் 23 எட்டாது, மேலே ஏற்றுங்கள். 14 இடமுள்ள குலத்துக்கு 4.2 வரும், அது 5. எந்தெந்த இடம் பெண்ணுக்கு என்பதைப் பெயர்கள் வரும் முன்பே எண்ணிட்டுக் குறியுங்கள். அந்த இடத்துக்குப் பெண் பெயர் வரவில்லையென்றால் இடம் காலியாகவே இருக்கும் என்றும் எழுதுங்கள்.

பதவிகளுக்கு எடை போடுங்கள்

சட்டமன்ற இடம் பாதிக்கதைதான். தலைவர், துணைத் தலைவர், சபாநாயகர், நிதி, உள்துறை, பாதுகாப்பு, காவல் ஆணையர், துறைமுகம் அல்லது சுங்கம், இவற்றோடு தலைநகர் எங்கே என்பதும் ஒரு பதவியைப் போலத்தான். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு மதிப்பெண் கொடுங்கள். தலைவர் 10, சபாநாயகர் 6, தலைநகர் 6, துணைத் தலைவர் 5, நிதியும் பாதுகாப்பும் உள்துறையும் சுங்கமும் தலா 4, மற்ற அமைச்சர் 2, துணை அமைச்சர் 1 என்று தொடங்கலாம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். கிஸ்மாயோ போன்ற துறைமுக நகரில் சுங்கத்துக்கு 4 போதாது. ஆட்களின் பெயர்கள் வெளிவரும் முன் மதிப்பெண் முடிவாகிவிட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தலைநகருக்கு ஏன் இவ்வளவு எடை என்று ஹிர்ஷபெல்லேயைப் பார்த்தால் தெரியும். 2016-ல் ஜோஹர் தலைநகரானது, அது நடு ஷபெல்லேயில் உள்ளது. முதல் இரு தலைவர்கள், அலி அப்துல்லாஹி ஒசோப்லேயும் முகமது அப்தி வாரேயும், ஹீரானின் பங்காக வந்தார்கள். அப்படி இருந்தும் ஹீரானின் ஹவாத்லே கிளையின் மரபுத் தலைவர் உகாஸ் ஹசன் உகாஸ் கலீஃப் இணைப்பையே எதிர்த்தார். ஹீரான் பெரியது, தனி மாநிலமாகத் தகுதி பெற்றது என்பது அவர் வாதம். 2020 நவம்பரில் அப்கால் கிளையின் அலி குத்லாவே தலைவரானார், தலைநகர் ஜோஹரிலேயே இருந்தது, துணைத் தலைவர் பதவி மட்டும் ஹவாத்லேக்கு. தலைநகர், தலைவர் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்ததும் பெலத்வெய்னேயில் ஆயுத எதிர்ப்பு கிளம்பியது. 2023 ஜூனில் ஆளுநர் அலி ஜெய்தே ஒஸ்மான் நீக்கப்பட்டதும் அவர் ஹீரானைத் தனியாக அறிவித்தார். மதிப்பெண் தாள் ஒன்று எழுதப்பட்டிருந்தால் 10-உம் 6-உம் ஒரு பக்கத்துக்கே போவதை அப்போதே யாராவது சுட்டிக்காட்டியிருக்க முடியும்.

புன்ட்லாந்து 1998-லிருந்து பெரும்பாலும் வழக்காறால் நடத்தியது: தலைவர் மஜெர்த்தேன், துணைத் தலைவர் துல்பஹந்தே, சபாநாயகர் வர்சங்கெலி. மூன்றும் தாரோதின் ஹர்தி பிரிவின் கிளைகள் என்பதால் அது ஓடியது. இருந்தும் துல்பஹந்தேயை அந்த ஏற்பாடு பிடித்துவைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் லாஸ் அனோதில் கூடிய பெரியவர்கள் நேரடியாக மத்திய அரசின் கீழ் இருக்க முடிவெடுத்தார்கள். பதவி கொடுத்தும் பகுதியைக் காக்கவில்லை என்றால் பங்கீடு செல்லாது.

மாநாட்டின் வரிசை

சமரசம் முதலில், பங்கீடு பிறகு. 1993-ல் சோமாலிலாந்தின் போரமாவில் 150 பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து முதலில் அமைதிச் சாசனம் எழுதினார்கள், அதன் பிறகே ஆட்சிச் சாசனம், கடைசியாகத் தலைவர் தேர்வு. நிலுவையில் உள்ள ரத்தப்பணம், பறித்த நிலம், மூடிய சாலை ஆகியவை தீராமல் இடக் கணக்குக்குப் போனால், ஒவ்வொரு இடத்தின் மீதும் பழைய கொலை ஒன்று ஏறிக்கொள்ளும்.

அதன்பின் பெரியவர் பட்டியல், இடக் கணக்கு, பதவி மதிப்பெண், சாசனம், உறுப்பினர் தேர்வு, சபாநாயகர், தலைவர், அமைச்சரவை. தலைவர் வேட்பாளர்கள் மாநாட்டுச் செலவை ஏற்கக் கூடாது. தங்குமிடமும் சாப்பாடும் யார் கொடுக்கிறாரோ அவரே பிரதிநிதிப் பட்டியலையும் எழுதுவார்.

ஆயுதக் குழு ஒன்றைக் குலக் கணக்கில் இல்லை என்று சொல்லி வெளியே நிறுத்துவது இன்னொரு பொறி. 2015-ல் அதாதோவில் கல்முதுக் மாநாடு நடந்தபோது அஹ்லு சுன்னா வல்ஜமா விலகிப்போய் தூசமரேப் நகரைக் கைப்பற்றி அங்கே தனி நிர்வாகம் வைத்தது. 2017 டிசம்பரில் ஜிபூத்தியில் ஒப்பந்தம் செய்து சேர்த்தார்கள், 2020-ல் மறுபடி மோதல். குலப் பங்கு ஒரு தாளிலும் ஆயுதக் குழுவின் பங்கு இன்னொரு தாளிலும் இருக்கட்டும். இரண்டாவதில் எத்தனை போராளிகள் எந்தப் படையில் எப்போது சேருவார்கள், சம்பளம் யார் கொடுப்பது என்று தேதியோடு எழுதுங்கள்.

மத்திய அரசையும் தொடக்கத்திலேயே உட்காரவையுங்கள். 2013 மே மாதம் கிஸ்மாயோவில் அகமது மதோபே ஜுபாலாந்துத் தலைவராகத் தேர்வானபோது மொகதிஷு ஏற்கவில்லை, வேறு சிலரும் தாங்களே தலைவர் என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று அடிஸ் அபாபாவில் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான இகாட் துணையோடு ஒப்பந்தமான பிறகே இரண்டாண்டு இடைக்கால நிர்வாகம் என்ற அங்கீகாரம் வந்தது. கெதோவின் மரேஹான் பகுதிகளில் அந்தப் பிணக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியாக, சாசனத்தில் இடப் பங்கீட்டுக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். புன்ட்லாந்து 2021-ல் மூன்று மாவட்டங்களில் சோதித்து, 2023 மே 25 அன்று பெரும்பாலான மாவட்டங்களில் ஆளுக்கொரு வாக்கு முறையில் உள்ளாட்சித் தேர்தல் நடத்தியது. உங்கள் சாசனமும் முதல் பதவிக்காலத்துக்குள் எந்த மாவட்டங்களில் வாக்காளர் பதிவு நடக்கும், அவற்றின் 7 இடங்கள் எப்போது வாக்குப்பெட்டிக்குப் போகும் என்று மாவட்டப் பெயரோடு சொல்லட்டும். முதலில் அமைதியான இரண்டு மாவட்டங்களை எடுங்கள், உரிமைப் பிணக்குள்ளவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.